ஹாஜரா வீட்டின் ஏழு படிகள்

தம்பி, உம்மா எழுதுகிறேன். சலாம் சொல்லி, நலம் விசாரித்து, பிறகு விஷயத்துக்கு வருவதுதான் முறை. இன்றைக்கு அந்தப் பொறுமை எனக்கு இல்லை. சலாத்தை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை வெள்ளிக்கிழமை நேரில் விசாரிக்கிறேன். போலகத்துக் கொத்தனார் வந்து நம் வீட்டு வாசல் படிகளில் பாதியை இடித்துக்கொண்டிருக்கிறார். சம்மட்டி விழும்போதெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பீங்கான் தட்டுகள் அதிர்கின்றன, நானும் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்தாகிவிட்டது. உன் கூடப்பிறந்தவள் ஹாஜரா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கந்தூரி ஊர்வலம் பார்ப்பதுபோலக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படியை ஏன் இடிக்கிறோம் என்று நேற்று போனில் கேட்டாய். பழசாகிவிட்டது என்றேன். அது பொய். கொஞ்ச நாளாகவே உன்னிடம் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை நிறுத்தத்தான் இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன்.

நீ கல்யாணம் முடிந்து நாகூருக்குப் போய் மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆகின்றன. நம்மவர்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது, மகன் கட்டிய பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவது என்பதை உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜும்ஆ முடிந்து நீயும் உன் மனைவியும் இங்கே சாப்பிட வருகிறீர்கள். ஒவ்வொரு வெள்ளியும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். நீ வந்து உட்கார்ந்ததும் வாயைத் திறப்பேன். "இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தவா?" என்பதுதான் வெளியே வரும். மூன்று வெள்ளியும் உன் தட்டில் மீன் ஆணம் வழிந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால், பேச ஆரம்பித்ததும் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ எதற்கும் சரி என்று சொல்லிவிடுவாய். அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம். அதனால்தான் கடிதம். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துத் தாய்மார்களும் இதைப் படிக்கப் போகிறார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஒங்க மவனுக்குச் சொல்றது எங்களுக்கும்தான்க்கா. எங்க வீட்லயும் கூடப்பொறந்ததுங்க இருக்குதுல்ல" என்று வரிச்சிக்குடி செல்வி கேட்டாள். செல்வி யார், அது என்ன கூட்டம் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் குற்றம். கல்யாணத்துக்கு முந்தின வாரம், பதிவுக்கான தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து உன்னிடம் கையெழுத்து வாங்கினேன், ஞாபகம் இருக்கும். நீ காதில் போனை இடுக்கிக்கொண்டு பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் தாளைப் புரட்டப் புரட்ட நீ போட்டுக்கொண்டே வந்தாய். ஐந்தாவது தாள் கல்யாணத்துடையது இல்லை. "இது என்னா உம்மா?" என்று கேட்டாய். "எல்லாம் அதோட சேந்ததுதான், போடு" என்றேன். போட்டாய். ஹாஜராவுக்குச் சட்டப்படி பாதுகாவலராக இருக்க எனக்கு முழுச் சம்மதம் என்று நீ எழுதிக் கொடுக்கும் தாள் அது. உன் ஆதார் நகலைக்கூட நிக்காஹ் வேலைக்காக எடுத்ததிலிருந்தே ஒன்றை உருவிச் சேர்த்தேன். இன்றைக்குப் பத்தாம் நாள் கலெக்டர் ஆபீசில் அதற்கான கமிட்டி கூடுகிறது. உன்னை நேரில் நிறுத்தி, விருப்பத்தோடுதான் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால், அங்கே வைத்து இதை நீ முதன்முதலாகக் கேள்விப்படக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான். அதற்காக நீ நாலு பேர் நடுவில் முழித்துக்கொண்டு நிற்பது என்றால் என்னால் தாங்க முடியாது.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். போன மழைக்காலத்தில் என் மணிக்கட்டு முறிந்ததே, குளியலறையில் வழுக்கிவிட்டது என்று துபாயில் வேலையில் இருந்த உனக்குப் போனில் சொன்னேன். குளியலறை இல்லை, வாசல் படி. ஹாஜராவுக்குப் பல்வலி, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவை வரச் சொல்லிவிட்டு, வழக்கம்போல அவளைத் தோளில் சாய்த்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது படியில் என் கால் போய்விட்டது. நான் கீழே, அவள் படியில். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் ஆனை இல்லாவிட்டாலும் விழுந்த சத்தம் அப்படித்தான் இருந்தது. ஆட்டோக்காரர் வழி தெரியாமல் அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டிருந்தார். என் போன் வீட்டுக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை, அவளால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மீன் விற்கிற அம்மா கூடையோடு வந்து பார்க்கும்வரை முக்கால் மணி நேரம் தூறலில் அப்படியே கிடந்தோம். ஹாஜரா அழவில்லை. தன் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து, என் முகத்தில் விழுகிற தண்ணீரைத் துடைக்கப் பார்த்தாள். கை எட்டவில்லை. மறுபடியும் மறுபடியும் முயன்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு ஒன்றைத்தான் நினைத்தேன். இந்த இடத்தில் நான் மௌத்தாகிவிட்டால், இவள் இந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பாள். உன் வாப்பா போய் நாலு வருஷம் ஆகிறது, நீ கடலுக்கு அந்தப் பக்கம். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

அந்தப் படிகளைக் கட்டச் சொன்னவள் நான்தான். இது இரண்டாவது குற்றம், உன் கையெழுத்தைவிடப் பெரியது. ஹாஜராவை மூன்று வயதில் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். நீ அப்போது வயிற்றில் ஆறு மாதம். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மூளைக்கு வந்த குறை, மருந்தில் தீராது, ஆனால் தினமும் பயிற்சி கொடுத்தால் பிடித்துக்கொண்டாவது நடப்பாள், பேச்சும் கூடும் என்றார் அவர். "மூணு மாசம் இங்க தங்குங்கம்மா. ஒங்களுக்கே கத்துக் குடுத்து அனுப்புறோம். இந்த வயசு போனா திரும்பி வராது" என்றார். எட்டாவது நாள் நான் மூட்டையைக் கட்டிவிட்டேன். தருமபுரத்தில் அவளுக்காக வாங்கிய மனையில் அஸ்திவாரம் போட நாள் குறித்திருந்தது. உன் வாப்பா சவூதியில் இருந்தார், கட்டட வேலைக்கு நான் நிற்காவிட்டால் யார் நிற்பது? பெண் பிறந்தால் வீடு. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. "அந்தப் புள்ளைக்கு எதுக்கு வூடு? மாப்பிள்ளையா வந்து குடியிருக்கப் போறாரு?" என்று சொந்தத்திலேயே கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு வெறி ஏறியது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்று தெரிந்தும், நான் செங்கல்லை வைத்து மூடப் பார்த்தேன். பயிற்சியை வீடு கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தையின் கால் காத்திருக்காது, சிமெண்டு மூட்டை வேண்டுமானால் ஒரு மாதம் காத்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் புத்தி வரவில்லை.

இதே கொத்தனார்தான் அப்போதும். மீசை கறுப்பாக இருந்த காலம். முன்வாசலுக்கு நூல் பிடிக்கும்போது, வேப்பமரத்தடியில் பாயில் கிடந்த ஹாஜராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்தப் பொண்ணுக்குத்தானே வீடுங்குறீங்க. ஏழு படி வக்கிறோம், அது எப்புடிம்மா ஏறும்? ஓரமா ஒரு சரிவு உட்டுத் தரட்டுங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. "மத்த பொண்ணுங்க வூட்டுக்கு எத்தன படியோ, எம் பொண்ணு வூட்டுக்கும் அத்தன படி. நீங்க ஒங்க வேலயப் பாருங்க" என்றேன். மழைத் தண்ணீர் ஏறுகிற ஊர், வீடு உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நியாயமும் கற்பித்துக்கொண்டேன். உயரத்தில் தப்பில்லை. சரிவு வைத்தால், உள்ளே இருப்பது எப்படிப்பட்ட பெண் என்று தெருவில் போகிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்பதுதான் என் உள்ளே இருந்தது. அதுவும் போதாதென்று கண்ணாடி மாதிரி வழுக்கும் தரை, பின்கட்டில் உயரமான வாசலோடு கழிப்பறை. மூன்று வருஷம் வெயிலில் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன், அந்தப் பெண்ணால் ஓரடி எடுத்து வைக்க முடியாத ஒரு வீட்டை. கொத்தனார்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பேச்சு வந்தது. முதலில் தெளிவாகச் சொன்னது உம்மா இல்லை, "கலவ கொண்டா." இன்றைக்கும் சோற்றில் ஆணம் ஊற்ற வேண்டும் என்றால் அவளுக்கு அது கலவைதான். அதைச் சொல்லி நீயும் நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். குடிபோன அன்று, அவளுடைய சொந்த வீட்டுக்குள் அவளை நான் தூக்கிக்கொண்டு போனேன். அதன் பிறகு இருபத்துமூன்று வருஷம் தூக்கினேன்.

அந்தத் தூக்கும் வேலையில் உன்னையும் சேர்த்துவிட்டேன். எட்டு வயது வரைக்கும் நீ அவளை அக்கா முறைக்கு ராத்தா என்றுதான் கூப்பிடுவாய். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றிக்கொண்டே "ஹாஜரா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளைப் பேர் சொல்லலாமா என்று நான் உன்னைக் கண்டித்திருக்க வேண்டும். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆம்பிளைப் பிள்ளை பெரியவனாகிவிட்டான், இனி இவன் பார்த்துக்கொள்வான் என்று. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் உன்னை என் வலது கை என்று சொன்னேன். வலது கையிடம் யாராவது அனுமதி கேட்பார்களா? பள்ளிக்கூடத்தில் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனபோது நீ போகவில்லை, அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒருநாள் கசங்கிய சட்டையோடு ஓடினாய், அவளைப் படியிறக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு. நீ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் ஒருநாளும் உனக்கு இது முடியுமா என்று கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஐந்தாவது தாளையும் உன் முன்னால் தள்ளினேன். கொத்தனார் தண்ணீர் கேட்கிறார், கொடுத்துவிட்டு வருகிறேன்.

நாலு படி வரைக்கும் போய்விட்டது. ஹாஜரா ஜன்னல் கம்பியைத் தட்டி "கலவ, கலவ" என்கிறாள், அவரும் "இந்தா வருதும்மா மேஸ்திரி" என்று அவளுக்கு மரியாதை கொடுக்கிறார். இப்போது செல்வியைப் பற்றி. மணிக்கட்டுக் கட்டு அவிழ்த்த பிறகு, கைப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் காத்திருந்தேன். ஹாஜராவை வீட்டில் தனியாக விட முடியாமல் அவளையும் கூட்டிப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் மகனோடு உட்கார்ந்திருந்தாள். பதினாலு வயது, அவனுக்கும் கால் ஊன்றாது. நாற்று நடவும் களை பறிக்கவும் போகிறவள், கையெல்லாம் வெடித்திருந்தது. ஜவுளிக்கடைப் பை ஒன்றில் மகனுடைய தாள்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். டாக்டர் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பஸ் பாஸ், காப்பீடு, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். "ஒங்க பொண்ணு அட்டயக் குடுங்கக்கா, புதுப்பிக்கணுமான்னு பாத்துச் சொல்றேன்" என்றாள். என்ன அட்டை என்றேன். "இத்தன வருசமா எடுக்கலியா?" என்று அவள் கேட்ட கேள்வியில் எகத்தாளம் இல்லை, உண்மையாகவே அவளால் நம்ப முடியவில்லை. மாடி வீட்டுக்காரியான என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்று உனக்குத் தெரியும். உன் வாப்பா ஒருமுறை கேட்டார். நாம் ஜகாத் கொடுக்கிற குடும்பமா, வரிசையில் நின்று வாங்குகிற குடும்பமா என்று நான்தான் சண்டைக்குப் போனேன். அதை அப்படியே செல்வியிடமும் சொன்னேன், வெட்கமில்லாமல். அவள் கோபப்படவில்லை. "பிச்சன்னா அது குடுக்கறவங்க இஷ்டம்க்கா. இது அந்தப் புள்ளைக்கு உள்ளது. நாம கேக்காம உட்டா, நம்ம புள்ளயோடத நாமளே எடுத்துக்கிட்ட மாரிதான்" என்றாள். அதன் பிறகு அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாள். எந்தக் கிழமை மருத்துவர் குழு உட்காரும், எந்த மேசையில் போட்டோ எடுப்பார்கள், எந்த மனுவில் எந்த வரியைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வியாழன்தோறும் அங்கன்வாடிக் கூடத்தில் கூடுகிறோம். பன்னிரண்டு தாய்மார், இரண்டு தகப்பன்மார். ஒருத்தி அழுதால் மற்றவர்கள் ஆறுதல் சொல்வதில்லை, "மனு குடுத்தியா, சீட்டு வாங்குனியா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

அங்கேதான் பகல்நேரப் பயிற்சி மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கேட்டதும் எனக்கு முகம் எரிந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே மையத்து வண்டி நம் தெருமுனை வரை வந்தது. வயசுக்கு வந்த பெண்ணை வண்டியில் அனுப்ப மாட்டோம் என்று திருப்பி அனுப்பினேன். இப்போது வாரம் மூன்று நாள் போகிறாள். காகித உறை மடிக்கிறாள், ஜன்னல் சீட்டுக்கு இன்னொரு பெண்ணோடு சண்டை போடுகிறாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையற்கட்டு வரை நடக்கிறாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நானே எத்தனை முறை சொல்லிக் கையை உதறியிருக்கிறேன். இருபத்தொன்பதில் அவள் வளைகிறாள். டாக்டர் சொன்ன அந்த மூன்று மாதம் இருந்திருந்தால் என்ற கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

போன வாரம் அந்தப் பாதுகாவலர் மனுவின் பேரில் வீட்டு விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டார், எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். "மகன் மனசாரத்தானே கையெழுத்துப் போட்டிருக்காரு?" என்றார். "ஆமாங்க" என்றேன், நாக்குக் கூசவில்லை. பிறகு அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஹாஜராவுக்கு நேராக உட்கார்ந்தார். "ஹாஜரா, நீங்க சொல்லுங்க. உம்மாவுக்கு அப்பறம் நீங்க எங்க, யாரோட இருக்க ஆசப்படுறீங்க?" என்றார். இருபத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் நீங்க என்று சொன்னதில்லை. அவள் தரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் அவசரப்பட்டு, "அதுக்கு அவ்வளவு வெவரம் பத்தாதுங்க" என்று ஆரம்பித்தேன். "அவங்க சொல்லட்டும்மா" என்று அதிகாரி கையை உயர்த்தினார். வெகுநேரம் ஆனது. வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அவள் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக. "இது என் வூடு." மறுபடியும் யோசித்தாள். "வெள்ளிக்கெழம தம்பி வரும். சோறு போடணும். சாப்புட்டுட்டுப் போவட்டும்."

நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. அந்த வீட்டைக் கட்டியது என் வீம்பு என்று இத்தனை நாளும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். படி ஏற முடியாதவளுக்கு அது தன் வீடு என்று தெரிந்தே இருந்திருக்கிறது. நான் அவளை உன் தலையில் கட்டுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தேன், அவள் தன் வீட்டுக்கு வருகிற தம்பிக்குச் சோறு போட வேண்டும் என்ற யோசனையில் இருந்திருக்கிறாள். எந்தச் சுமையும் இல்லாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவனாக உன்னை யாரும் நினைத்ததில்லை, தம்பி. நான் உட்பட. அதிகாரி கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவிக் கையில் கொடுத்தார். "மகன் படிச்சுட்டுப் போட்டா கொண்டாங்க. போடலன்னா அதயும் வந்து சொல்லுங்க, வேற வழி இருக்கு" என்றார். அந்தத் தாள்தான் இதோடு இருக்கிறது. உன் பழைய கையெழுத்தின் மேல் நான் கோடு போட்டுவிட்டேன்.

அதைப் படி. உன் மனைவியையும் படிக்கச் சொல். அவள் வீட்டில் இருந்துகொண்டு அவளுக்குத் தெரியாமல் நீ இன்னொரு கையெழுத்துப் போட்டால், நான் செய்ததை நீயும் செய்தது போலாகும். பாதுகாவலர் என்றால் ஹாஜராவைத் தூக்கிக்கொண்டு போய் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். பேங்கில், ஆஸ்பத்திரியில், அவள் பேரில் எழுதி வைத்த இந்த வீட்டு விஷயத்தில், அவளுக்காக அவள் நன்மையைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள், வருஷாவருஷம் அதற்குக் கணக்குச் சொல்ல ஓர் ஆள். அவளை நாகூருக்குக் கொண்டுபோகவும் கூடாது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டிவிட்டால் நம் புதுச்சேரி அரசாங்கம் இல்லை, வேறு மாநிலம், வேறு மேசை, உதவித்தொகையும் வண்டியும் முதலிலிருந்து. கூட இருக்க ஒரு பெண்ணை செல்வி பார்த்துக்கொண்டிருக்கிறாள், மாடியை வாடகைக்கு விட்டால் அந்தச் செலவுக்கு ஆகும். லீவு முடிந்து நீ திரும்பிப் போனால், துபாயில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்பதையும் கமிட்டியில் கேட்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. உன்னால் முடியாது என்றால் வேறு உறவுக்காரர் இருக்கலாம், பதிவு பெற்ற அமைப்பு இருக்கலாம் என்கிறார்கள். அதையெல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். நீ சரி என்று சொல்ல வேண்டும். தினமும் ஐந்து வேளையும் அதைத்தான் துஆ கேட்கிறேன். ஆனால் அது என் துஆ, உன் கையெழுத்து உன்னுடையது. நீ முடியாது என்று சொன்னால் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அதைக் கண்டுகொள்ளாதே. மூன்றாம் நாள் செல்வியோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய் அடுத்த மேசையில் நிற்பேன். நிற்கப் பழகிவிட்டேன். பயத்தில் ஒரு சரி சொல்லி, பிறகு பத்து வருஷம் போனை எடுக்காமல் போகிற தம்பிமார்களைக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைவிட இப்போது ஒரு முடியாது எவ்வளவோ மேல்.

சம்மட்டிச் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படியை இடித்த பக்கத்திலிருந்து மதிலோரமாகச் சரிவு வரப்போகிற வழிக்கு நூல் பிடித்திருக்கிறார். அவ்வளவு நீளத்துக்கு இடம் எப்படிச் சரியாக இருக்கிறது என்று கேட்டேன். "அப்பவே மதிலோரம் எடம் உட்டுத்தாம்மா படியக் கட்டுனேன். என்னைக்காச்சும் கூப்புடுவீங்கன்னு" என்றார். நான் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். நாளைக்குக் கான்கிரீட் போட்டால் வெள்ளிக்கிழமை மெல்ல நடக்கலாம், வண்டிதான் ஏற்றக் கூடாது என்கிறார். வெள்ளிக்கிழமை நீ வரும்போது நான் வாசலுக்கு வர மாட்டேன். ஹாஜரா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகச் சரிவில் இறங்கி, கேட் வரைக்கும் வந்து உன்னைக் கூப்பிடுவாள். நேரமாகும், ஆட்டோவை அனுப்பிவிட்டு வெயிலில் கொஞ்சம் நில். தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, அவள் வந்து சேர்ந்ததும் அவளை ராத்தா என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வா.